ஒரு நூலோடு நின்றது யாரால்?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, என் அணித் தோழர்களே, புத்தகத்தைப் பற்றிப் பேச்சு என்றதும் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பின்வரிசையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நூலால் பெயர் பெற்று, அதோடு நின்றுபோன எழுத்தாளர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். அவர்கள் அப்படி நின்றதற்குப் பொறுப்பு அவர்களுடையதா, அவர்களைச் சுற்றியிருந்த உலகத்துடையதா? அவர்களுடையதுதான் என்கிறது எதிரணி. உலகத்துடையது என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். சிலரிடம் ஒரு புத்தகத்துக்கான சரக்குதான் இருக்கும், அது தீர்ந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள் என்றார். முதல் புத்தகம் ஓஹோவென்று போய்விட்டால் அடுத்ததைத் தொடவே பயம் வந்துவிடும், அந்தப் பயத்துக்கு ஊர் என்ன செய்யும் என்றார். கடைசியில் வள்ளுவரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றுதான் எழுதினார், குறைந்தா போனார் என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. வள்ளுவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில், எதிரணித் தலைவர் பெயர் சொல்லி அழைத்த சாட்சிகளையே நானும் கூண்டில் ஏற்றுகிறேன். இந்த மனிதர் எந்த நேரத்தில் எழுதினார், யார் காசில் எழுதினார், எழுதியது அச்சுக்கு எப்படிப் போனது? இந்தக் கேள்விகளை எதிரணி கேட்கவே இல்லை.

ஹார்ப்பர் லீயை அவர் முதல் சாட்சியாகச் சொன்னார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மன்ரோவில் என்ற சின்ன ஊரில் 1926ல் பிறந்தவர். 1960ல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு. 1962ல் படமாகி, அதில் நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர். இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இவ்வளவு பெற்றவர் ஏன் இன்னொன்று எழுதவில்லை, உலகம் அவருக்கு என்ன குறை வைத்தது என்று கேட்டார் நண்பர்.

புத்தகம் வந்த பிறகு நடந்ததை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி சரிதான். நான் நாலு வருஷம் பின்னால் போகிறேன். 1956. லீ அப்போது நியூயார்க்கில் விமானக் கம்பெனியில் டிக்கெட் பதிவு செய்கிற வேலையில் இருக்கிறார். பகல் முழுக்க வேலை, மிச்ச நேரத்தில் எழுத்து. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன் என்ற நண்பர்கள், கணவன் மனைவி, அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் அவர் பெயர் எழுதிய ஓர் உறை. உள்ளே ஒரு சீட்டு. வேலையிலிருந்து உனக்கு ஒரு வருஷம் விடுப்பு, உனக்கு விருப்பமானதை எழுது என்று அதில் இருந்தது. அந்த ஒரு வருஷச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை. மைக்கேல் பிரவுன் பாட்டெழுதி இசையமைத்துப் பிழைத்தவர். அந்த ஆண்டு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது, அதைக் கொடுத்தார்கள்.

அந்த வருஷத்தில்தான் கைப்பிரதி உருவானது. அப்புறம் லிப்பின்காட் பதிப்பகத்தில் டே ஹோஹாஃப் என்ற பெண் ஆசிரியர் அதை வாங்கி, இது இன்னும் நாவலாகவில்லை, ஆனால் இந்தப் பெண்ணிடம் விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் உடன் உட்கார்ந்து திருப்பித் திருப்பி எழுத வைத்தார். 2015ல் லீயின் இரண்டாவது நாவல் என்று பெரிய விளம்பரத்தோடு வந்த 'கோ செட் எ வாட்ச்மேன்', மாக்கிங்பேர்டுக்கு முன்னால் அவர் கொடுத்த அந்தப் பழைய பிரதிதான்.

நடுவர் அவர்களே, இதை நன்றாகக் கவனிக்க வேண்டுகிறேன். டிக்கெட் கவுன்டரில் இருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு பேர் ஒரு வருஷத்தைக் கொடுத்தார்கள், இன்னொருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் உழைப்பைக் கொடுத்தார். ஒரு புத்தகம் வந்தது. அந்த உறை மரத்தில் இல்லாமல் போயிருந்தால் அந்த ஒன்றும் இல்லை. எழுத்தாளரின் சரக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த உறையை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

சரி, புகழ் வந்த பிறகு? 1964க்குப் பிறகு அவர் அநேகமாகப் பேட்டியே கொடுக்கவில்லை. ஆனால் எழுத்தை விட்டுவிடவில்லை. 1977ல் அலபாமாவில் நடந்த ஒரு கொலை வழக்கை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டார், அதை ஒரு புத்தகமாக்க ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார். முடிக்கவில்லை. மாக்கிங்பேர்ட் எழுதிய கையிலிருந்து அடுத்தது எப்படி வருகிறது என்று ஒரு நாடே காத்துக்கொண்டிருக்கும்போது முதல் வாக்கியத்தை எழுதுவது லேசு இல்லை. அந்தப் பயத்தை எதிரணி எழுத்தாளரின் பலவீனம் என்கிறது. பயத்தை உண்டாக்கியவர்கள் யார்? அவரது வாசல் மணியை அடித்துக்கொண்டே இருந்த நிருபர்கள், வாசகர்கள், பதிப்பாளர்கள். நாம்தான்.

அடுத்து ஜான் கென்னடி டூல். நியூ ஆர்லியன்ஸ்காரர். ராணுவத்தில் இருந்தபோது போர்ட்டோ ரிக்கோவில் படைவீரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலை. அங்கே கிடைத்த ஓய்வில் 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்ஸஸ்' நாவலை எழுதினார். பாருங்கள், இங்கேயும் நேரம்தான் முதலில் வருகிறது. ஊர் திரும்பி நியூயார்க்கின் பெரிய பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். நன்றாக இருக்கிறது, ஆனால் மாற்ற வேண்டும் என்று பதில். மாற்றினார். இன்னும் மாற்ற வேண்டும் என்று பதில். இப்படியே கடிதப் போக்குவரத்து இரண்டு ஆண்டு ஓடியது. கடைசியில் கைப்பிரதியை எடுத்து வைத்துவிட்டார். 1969ல், 31 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனநோயும் அவரை வாட்டியது. அந்த மரணத்துக்கு ஒரே காரணம் சொல்வது நியாயம் இல்லை, நான் சொல்லவும் மாட்டேன். புத்தகத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய அம்மா தெல்மா அந்தப் பிரதியை விடவில்லை. பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பினார். எல்லா இடத்திலும் மறுப்பு. 1976ல் வாக்கர் பெர்ஸி என்ற நாவலாசிரியர் அந்த ஊர் லயோலா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறார் என்று தெரிந்து, போன் மேல் போன் போட்டு, கடைசியில் நேரிலேயே போய் நின்றார். கையில் மை தீற்றிக் கலங்கிப்போன கார்பன் பிரதி. எழுத்தே சரியாகத் தெரியாது. பெர்ஸிக்கு அதைப் படிக்கிற எண்ணமே இல்லை. நாலு பக்கம் பார்த்துவிட்டு, மனசாட்சி உறுத்தாமல் கீழே வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தார். வைக்க முடியவில்லை. 1980ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 1981ல் புலிட்சர். எழுதியவர் போய்ச் சேர்ந்து 12 ஆண்டுக்குப் பிறகு.

இவரையும் 'ஒரு புத்தக எழுத்தாளர்' என்று பட்டியலில் சேர்த்துச் சொன்னார் எதிரணித் தலைவர். ஐயா, அந்த ஒன்றையே உலகம் வேண்டாம் என்றது. இரண்டாவதை அவர் யாருக்காக எழுதியிருக்க வேண்டும்?

சிசிலித் தீவின் பிரபு ஜியுசெப்பே தொமாசி தி லாம்பெதூசா கதையும் இதே ரகம்தான், நீட்டி முழக்கப் போவதில்லை. 'சிறுத்தை' என்று நாம் அறிகிற அந்த இத்தாலிய நாவலை ஐம்பது வயதைத் தாண்டித்தான் எழுத உட்கார்ந்தார். இரண்டு பெரிய பதிப்பகங்கள் திருப்பின. இரண்டாவது மறுப்பு 1957 ஜூலையில் வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். ஆசிரியர் பெயரே இல்லாத ஒரு தட்டச்சுப் பிரதி கைமாறி ஜியோர்ஜியோ பஸானி என்ற எழுத்தாளரிடம் போய், 1958ல் ஃபெல்ட்ரினெல்லி வெளியிட்டு, 1959ல் அந்த நாட்டின் ஸ்ட்ரேகா பரிசை வாங்கியது. இவர் சோம்பேறி, வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டே காலம் போக்கியவர் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். தாமதமாகத் தொடங்கினார், உண்மை. தொடங்கிய பிறகு நிற்கவில்லை. சாகும்போது அடுத்த நாவலின் முதல் அத்தியாயம் எழுதப்பட்டிருந்தது. சில கதைகளும் இருந்தன. இது சரக்கு தீர்ந்தவர் செய்கிற காரியமா?

இப்போது எமிலி பிரான்டி. இங்கிலாந்தின் யார்க்ஷயர் மேட்டு நிலத்தில் ஹாவர்த் என்ற ஊர்ப் பாதிரியாரின் மகள். 1846ல் மூன்று சகோதரிகளும் சேர்ந்து கைக்காசு போட்டு, ஆண்பெயர் மாதிரி புனைபெயர் வைத்துக் கவிதைத் தொகுதி போட்டார்கள். விற்றது இரண்டு பிரதி. மறுபடி சொல்கிறேன், இரண்டு. அந்தத் தொகுதியில் இருந்த எமிலியின் கவிதைகளை இன்றைக்கு ஆங்கிலத்தின் நல்ல கவிதைகளில் வைக்கிறார்கள். அடுத்து 'உதரிங் ஹைட்ஸ்'. அதையும் தங்கை ஆனின் நாவலையும் சேர்த்து அச்சிட, சகோதரிகளிடமே 50 பவுண்டு வாங்கினார் நியூபி என்ற பதிப்பாளர். வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அக்கா சார்லட்டின் 'ஜேன் அயர்' 1847 அக்டோபரில் வேறொருவர் வெளியிட்டுப் பரபரப்பானதும், சகோதரிகள் வைத்துக்கொண்ட புனைபெயருக்கு விலை இருக்கிறது என்று புரிந்து, டிசம்பரில் அவசர அவசரமாக அடித்துத் தள்ளினார். விமர்சகர்கள் முரட்டுப் புத்தகம், கொடூரமான புத்தகம் என்று முகம் சுளித்தார்கள். சரியாக ஒரு வருஷம். 1848 டிசம்பர் 19ல் காசநோயில் எமிலி இறந்தார். வயது 30.

அவர் எழுதுகிற சாய்மேசைப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. 1848 பிப்ரவரியில் நியூபி எழுதியது. அடுத்த நாவலுக்கு ஏற்பாடு செய்வதில் மகிழ்ச்சி, அவசரப்பட வேண்டாம் என்கிற மாதிரி. அப்படியென்றால் அடுத்த நாவல் என்று ஒன்று பேச்சில் இருந்திருக்கிறது. அதில் ஒரு தாள்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நோய்க்கு உலகம் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். எமிலி கடைசி நாள் வரை வைத்தியரை வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று. 'உதரிங் ஹைட்ஸ்' எவ்வளவு பெரிய புத்தகம் என்று கண்டுகொள்ள உலகம் எடுத்துக்கொண்ட நாளில் எமிலி உயிரோடு இல்லை. தான் எழுதியது மகத்தானது என்று நாலு பேர் சொல்லக் கேட்காமலே போனவரைப் பார்த்து, ஏன் இன்னொன்று எழுதவில்லை என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது.

வங்காளத்துக்கு வாருங்கள். அத்வைத மல்லபர்மன் என்ற பெயரை இந்த அரங்கில் பலர் இன்று முதன்முதலாகக் கேட்பீர்கள். அதுவே என் கட்சிக்குச் சாட்சி. 1914ல் இன்றைய பங்களாதேஷின் பிராமன்பாரியா அருகே, திதாஸ் நதிக்கரையில், மாலோ என்ற மீனவர் குடியில் பிறந்தார். ஊர் மீனவர்கள் காசு சேர்த்து அவரைப் படிக்க வைத்தார்கள். கல்கத்தாவுக்குப் போய்ப் பத்திரிகைகளில் உதவி ஆசிரியராகப் பிழைத்தார். தன் மக்கள் வலை வீசுவதை, நதி மண்மேடாகிப் போனதும் அவர்கள் பிழைப்பு அழிந்ததை, 'திதாஸ் ஒரு நதியின் பெயர்' என்று நாவலாக எழுதினார். பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. நடுவில் கைப்பிரதி தொலைந்துபோனது. மறுபடி உட்கார்ந்து முழுக்க எழுதினார். எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிட்டுக் காசநோய் மருத்துவமனைக்குப் போனவர் 1951ல் இறந்தார். 37 வயது. புத்தகம் 1956ல்தான் வந்தது. 1973ல் ரித்விக் கட்டக் படமாக எடுத்தார்.

இந்த மனிதர் சம்பாதித்ததில் பெரும்பகுதி தேசப் பிரிவினையில் ஓடிவந்த தன் மாலோ உறவுகளுக்கும் புத்தகம் வாங்கவுமே போயிற்று. எதிரணி நண்பர்களே, ஒரு நாவலை இரண்டு தடவை எழுதியவரை, ஒன்றோடு நின்றார் என்று எந்த வாயால் சொல்வீர்கள்?

நம் வீட்டிலும் ஒருவர். வத்தலக்குண்டு பி.ஆர். ராஜமையர். 1872ல் பிறந்தவர். 21 வயதில் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடரைத் தொடங்கினார். 1896ல் புத்தகம். தமிழ் நாவல் பிறந்து இருபது வருஷம்கூட ஆகாத நேரத்தில், சிறுகுளம் என்ற ஊரை, அங்கே பெண்கள் கூடிப் பேசும் வம்பு ஒரு குடும்பத்தையே கலைத்துப்போடுவதை, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரை, இன்றைக்கும் சிரித்துக்கொண்டே படிக்கிற மாதிரி எழுதினார். அதே 1896ல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியரானார். இதழ் ஏறக்குறைய அவர் எழுத்தாலேயே நிரம்பியது. 1898ல் இறந்தார். வயது 26. அவருக்குப் பிறகு இதழ் நின்று, வடக்கே அல்மோராவுக்குப் போய்த்தான் மறுபடி வந்தது. இந்தப் பையனுக்குச் சரக்கு இல்லை என்று சொல்ல இந்த மேடையில் யாருக்கும் மனசு வராது என்று நம்புகிறேன்.

எதிரணிக்கு ஒரு சாட்சியில் பாதி விட்டுக்கொடுக்கிறேன். ரால்ஃப் எலிசன். 1952ல் 'இன்விசிபிள் மேன்', மறு ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது. பிறகு 1994ல் சாகிற வரை நாற்பது வருஷம், கல்லூரிப் பதவி, மரியாதை, வசதி எல்லாம் இருந்தும் அடுத்த நாவலை முடிக்கவில்லை. 1967ல் வீடு தீப்பிடித்துக் கைப்பிரதி எரிந்தது, ஆனால் எவ்வளவு எரிந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதனால் தீயின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். முடிக்க முடியாமல் போனதில் அவர் பங்கும் இருக்கிறது. ஆனால் சரக்கு தீர்ந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் விட்டுப்போனது 2000 பக்கத்துக்கு மேல். அதைத் தொகுத்து 1999லும் 2010லும் வெளியிட்டார்கள். அந்த நாற்பது வருஷம் அவர் தலைமேல் என்ன இருந்தது என்றும் பாருங்கள். கறுப்பின மக்களின் குரலாக நீ பேசு என்று ஒரு பக்கம், வெள்ளைக்காரனுக்கு அடங்கிப் போகிறவன் என்று இளம் போராளிகளின் ஏச்சு இன்னொரு பக்கம். ஒரு நாவலாசிரியன் தன் கதைமாந்தர் நாலு பேரோடு தனியே இருக்க வேண்டிய அறையில் ஒரு நாட்டின் வழக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் பாதி என்றேன்.

சரி, வள்ளுவர். ஒன்றுதான் எழுதினார் என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும்? வள்ளுவர் பிறந்த ஆண்டோ, ஊரோ உறுதியாகத் தெரியாது. 1330 குறள் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். கிடைத்தது ஒன்று என்பதற்கும் எழுதியது ஒன்று என்பதற்கும் நடுவில் கரையான், வெள்ளம், நெருப்பு, அலட்சியம் எல்லாம் இருக்கின்றன.

செம்புலப் பெயல்நீர் என்ற உவமையைத் தமிழனுக்குக் கொடுத்த புலவரின் பெயர்கூட நம்மிடம் இல்லை. அந்த உவமையையே பெயராகச் சூட்டிவிட்டோம். குறுந்தொகையில் அந்த 40ஆம் பாட்டு ஒன்றுதான் அவர் பெயரில் இருக்கிறது. ஐந்தே வரியில் அப்படி எழுதியவர் வாழ்நாளில் அந்த ஐந்து வரியைத்தான் எழுதினார் என்று நீங்கள் நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. தொகுத்தவர் கையில் ஒன்று அகப்பட்டது, அது பிழைத்தது.

உ.வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போகிறார். வரகுணராம பாண்டியர் காலத்து ஏடுகள் அங்கே நிறைய இருந்தன என்று கேள்விப்பட்டுப் போனது. கேட்டால், பழைய ஏடெல்லாம் ஒழுங்கில்லாமல் கிடந்தது, என்ன செய்வது என்று பார்த்தார்கள், சிதிலமான ஏட்டை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டுமென்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே குழி வெட்டி அக்கினி வளர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று சாவதானமாகப் பதில் சொல்கிறார்கள். சாமிநாதையர் பதறிப்போனார். அந்தக் குழியில் யார் யாருடைய இரண்டாவது நூல் எரிந்தது, மூன்றாவது நூல் எரிந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஐம்பெருங்காப்பியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக எங்கே? ஆகவே வள்ளுவரை எதிரணி சாட்சியாக அழைத்தது செல்லாது. அவர் எங்கள் பக்கம் நிற்கிறார்.

இன்னொன்று. எழுதியது கையில் இருந்தும் படிக்காமல் விடுகிற வழக்கம் நமக்கு உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றால் 1879ல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்', முதல் தமிழ் நாவல் என்று பரீட்சைக்கு ஒரு மதிப்பெண் பதில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். 1887ல் 'சுகுணசுந்தரி' என்று இன்னொரு நாவல் எழுதினார். நீதிநூல் எழுதினார், பெண்கல்விக்காகப் பெண்மதிமாலை எழுதினார், கீர்த்தனைகள் எழுதினார். ஒரு நூல் ஆசிரியராக அவரை ஆக்கியது யார்? ஒரு மதிப்பெண்ணோடு நிறுத்திய நாம்.

நேரம் ஆகிறது என்று நடுவர் பார்க்கிறார். கடைசிச் சாட்சி. ப. சிங்காரம்.

சிங்கம்புணரியில் 1920ல் பிறந்தவர். பதினெட்டு வயதில் கப்பலேறி சுமத்ராவின் மெடானுக்கு வேலைக்குப் போனார். யுத்தம், ஜப்பான்காரன் வருகை, நேதாஜியின் படை எல்லாவற்றையும் அங்கிருந்து பார்த்தார். 1946ல் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் சேர்ந்து நாற்பது வருஷம் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி அறை. அந்த அறையிலிருந்து வந்த நாவல்தான் 'புயலிலே ஒரு தோணி'.

படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மெடான், பினாங்கு வீதிகளில் மலாய்ச் சொல்லும் சீனப் பேச்சும் நம் செட்டிநாட்டு வட்டிக்கடைப் பேச்சும் கலந்து ஓடும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வட்டிக்கடை வேலைகளில், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஆட்களின் உலகம் அப்படியே இருக்கும். நடுவில் பாண்டியன் என்ற இளைஞன். அவன் தொங்கானில், அதாவது சரக்குப் பாய்மரக் கப்பலில், பினாங்குக்குப் போகும்போது நடுக்கடலில் புயல் பிடிக்கிற இடம் ஒன்று வரும். அதுவரை நிதானமாக நடந்த உரைநடை அந்த இடத்தில் முறிந்து, துண்டு துண்டாகத் தெறித்து, கப்பலோடு சேர்ந்து ஏறி இறங்கும். வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்கும். கடல் கடந்து பிழைக்கப் போன தமிழனைப் பற்றி எழுதிய நாவல்களில் இதற்கு இணையாக எதையும் நான் வைக்க மாட்டேன்.

இந்த நாவல் எழுதப்பட்டது 1962ல். அச்சில் வந்தது 1972ல். பத்து வருஷம். தமிழ்நாட்டில் பத்திரிகைகள் கொடிகட்டிப் பறந்த காலம், தொடர்கதைக்காக வாரா வாரம் கடை வாசலில் ஜனம் காத்து நின்ற காலம். அந்தக் காலத்தில் இந்தக் கைப்பிரதிக்குப் பதிப்பாளர் கிடைக்கப் பத்து வருஷம். அவருக்கு எழுத்து புதிதும் இல்லை. 'கடலுக்கு அப்பால்' என்ற முதல் நாவல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959லேயே வந்திருந்தது. ஒரு நூல் எழுத்தாளர் என்று நீங்கள் சொன்ன பட்டியலில் அவர் பெயர் இருந்ததே, அந்த முதல் நாவலை எங்கே விட்டீர்கள்?

1972ல் புத்தகம் வந்தது. கொட்டு மேளம் ஒன்றும் இல்லை. பரிசு இல்லை, பாராட்டு விழா இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் படித்துவிட்டு வாய்வழியாக ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அதற்குப் பிறகு 25 வருஷம் உயிரோடு இருந்தார். அதே மதுரை, அதே எளிய வாழ்க்கை. இன்னொரு நாவல் எழுதவில்லை. சேர்த்த பணத்தை ஏழை மாணவர் படிப்புக்கென்று கொடுத்துவிட்டு, 1997 டிசம்பர் கடைசியில் கண்ணை மூடினார். மறுபதிப்புகளும் கருத்தரங்குகளும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை.

மதுரையில் அவர் அறைக்கு எட்டுகிற தூரத்தில் எத்தனை கல்லூரி, எத்தனை தமிழ்த்துறை! 1972க்கும் 1997க்கும் நடுவில் மாதம் ஒருவர் கதவைத் தட்டி, ஐயா, அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தால்கூட முந்நூறு பேர் கேட்டிருப்பார்கள்.

எனக்குப் பிறகு பேச வருகிற எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஹார்ப்பர் லீயை விடுங்கள், எமிலியை விடுங்கள், அவர்கள் தூரத்து மனிதர்கள். சிங்காரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் பதிப்பாளருக்குக் காத்திருந்து, இருபத்தைந்து வருஷம் வாசகருக்குக் காத்திருந்த அந்த மனிதர் மூன்றாவது நாவலை எழுதாமல் போனதற்கு அவரேதான் பொறுப்பு என்று, இந்தச் சபையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் தீர்ப்பை நடுவர் உங்களுக்கே கொடுக்கட்டும். வணக்கம்.